கரென் வீட்டின் மூத்த பெண்

பர்மாவிலும் தாய்லாந்திலும் வாழும் கரென் மக்கள் தங்கள் வீட்டு ஆவியை ப்கா என்பார்கள். பழைய வழக்கப்படி, வீட்டில் யாருக்காவது உடம்பு தேறாமல் இழுத்துக்கொண்டே போனால், ப்காவுக்கு ஏதோ மனக்குறை என்று எண்ணி, அதற்கென்றே வளர்த்த கோழியையும் பன்றியையும் அறுத்துப் படைத்துச் சேர்ந்து உண்பார்கள். தாய்வழிச் சொந்தம் அத்தனை பேரும் வந்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் படையல் செல்லாது. முன்னின்று நடத்துவது அந்த வழியில் மூத்த பெண். வீட்டோடு வந்திருக்கும் மாப்பிள்ளை அதில் உட்கார முடியாது, அவருக்கு அவர் தாய் வீட்டுப் படையல்தான்.

இதைப் படித்ததும், நகரத்தார்களான எங்கள் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) படைப்பு வீடுதான் நினைவுக்கு வந்தது. முன்னோருக்குப் புதுச் சேலையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் கூடிக் கும்பிடுவோம். சிங்கப்பூரில் இருந்தும் மலேசியாவில் இருந்தும் வந்துவிடுவார்கள். சேர்ந்து நின்றால்தான் முன்னோர் மனம் குளிரும் என்ற நம்பிக்கை இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஆனால் எங்களுக்கு அது ஆண்வழி. பெண்ணுக்குக் கல்யாணம் வரை அப்பச்சி (அப்பா) வீட்டுப் படைப்பு, அப்புறம் கணவர் வீட்டுப் படைப்பு. என் ஆயாவின் (அம்மாவின் அம்மா) ஆத்தாவை, அதாவது அவர் தாயை, எந்தப் படைப்பில் கும்பிடுவது?

இத்தனைக்கும் இந்த மக்கள் எங்களுக்கு அந்நியர் இல்லை. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சாகுபடி நிலத்தில் 6 சதவீதம், அங்கே வட்டிக்கடை நடத்திய எங்கள் செட்டியார்கள் வசம் இருந்தது. நெல் விலை வீழ்ந்து, கடனுக்கு அடகு வைத்த நிலங்கள் கைமாறி, 1938இல் அது 25 சதவீதம் ஆனது. ஐராவதி டெல்டாவில் கரென் விவசாயிகள் ஏராளம். காட்டில் தேக்கு இழுத்த யானைகளின் பாகர்களிலும் பலர் கரென்காரர்கள். எங்கள் வீட்டிலோ பர்மா என்றால் தேக்குத் தூண், மரவை என்னும் அரக்குப் பூசிய பாத்திரம், வட்டிக்கடைப் பேச்சோடு சரி. அந்த மனிதர்கள் எதைக் கும்பிட்டார்கள் என்று ஐயா (தாத்தா) சொல்லி நான் கேட்டதே இல்லை. அது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் உயிரைக் கூப்பிடும் விதம். உயிருக்கு அவர்கள் சொல் க்லா. தூக்கத்தில் அது வெளியே அலையும், திரும்ப வழி தெரியாமல் போனால் உடம்பு நோகும். வீட்டு ஏணியின் தலைப்பில் சோற்றுத் துடுப்பால் தட்டி, காட்டில் இருக்காதே, வீட்டுக்கு வந்துவிடு என்று கூப்பிட்டு, மணிக்கட்டில் நூல் கட்டுவார்கள். ஆகஸ்டு மாதத்தில் ஊரே கூடிக் கட்டிக்கொள்ளும் திருநாளும் உண்டு. கிறிஸ்தவத்துக்கும் பௌத்தத்துக்கும் போனவர்களிலும் பலர் அதை விடவில்லை.

வட தாய்லாந்தின் கரென் ஊர்களில் வீடு மனைவிக்கு உரியது. அவள் இறந்தால் வீட்டையே பிரித்துவிடும் வழக்கம் இருந்தது. இங்கே செட்டிநாட்டில் எத்தனையோ பெரிய வீடுகள் பங்காளிகள் பேரில் பூட்டிக் கிடக்கின்றன. அங்கே ஒரு பெண் போனால் வீடும் கூடப் போனது. அவளுக்கு அவ்வளவு கனம்.

என் தாய்வழிப் பெண்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஆத்தா, ஆயா, ஆயாவின் ஆத்தா வரை தெரிகிறது. அதற்கு மேல் அறிந்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர்தான். படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது கேட்டு எழுதிவிட வேண்டும்.