தபால் பை வந்த நாட்கள்

2025 மே 20, செவ்வாய்

எங்கள் ஊரைத் தீவு என்று எந்த வரைபடமும் சொல்லாது. ஆனால் மகாவலி கடலுக்கு வரும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கொட்டியாரக் குடாவில் விழுகிறது, மற்றது வெருகலில். இரண்டுக்கும் நடுவே, மிச்சப் பக்கமெல்லாம் கடலாக, மூதூரும் சம்பூரும் ஈச்சிலம்பற்றும் எங்களைப் போன்ற சில்லறை ஊர்களும் கிடக்கின்றன. நான் சின்னப் பையனாக இருந்தபோது தரைவழியாகத் திருகோணமலைக்குப் போவதென்றால் இறால்குழி, கங்கை, உப்பாறு, கிண்ணியா என்று ஒவ்வொரு நீர்க்கடவையிலும் பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். (வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே பாதை என்றால் வாகனம் ஏற்றிக் கடக்கும் மிதவை.) 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். மற்றப் பாலங்களும் பிறகு வந்தன.

இந்த ஊரின் உப தபாலகத்துக்கு நான்தான் அதிபர். தபாலகம் என்பது ஒரு மேசை, ஒரு தராசு, ஓர் இரும்புப் பெட்டி, பக்கத்து வளவிலிருந்து வந்து படுக்கும் ஓர் ஆடு.

மே 23, வெள்ளி

கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து நடந்தே வருகிறவர்கள். கோயில் மண்டபத்தில் தங்க வைத்து, சோறும் பூசணிக்காய்க் கறியும் கொடுத்தோம். காலில் கொப்புளத்துடன் இருந்த ஓர் ஐயா, “எவ்வளவு அமைதியான ஊர், இப்படி ஓர் இடத்தில் இருக்கக் கொடுத்து வைக்க வேண்டும்” என்றார். விடியற்காலை நான்கு மணிக்கு வெருகலை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். அமைதியைப் புகழ்கிறவர்கள் இங்கே இரண்டாம் இரவு தங்கி நான் பார்த்ததில்லை.

ஜூன் 4, புதன்

மூதூரிலிருந்து பஸ்ஸில் வரும் பை இன்று கனமாக இருந்தது. பதிவுத் தபால் நான்கு, நான்கும் நுண்கடன் கொடுத்தவர்களிடமிருந்து. பெறுநர்கள் எல்லோரும் பெண்கள். தவணைக் காசு, வட்டி, தண்டப்பணம், வழக்கு. முன்பெல்லாம் பதிவுத் தபால் என்றால் முகம் மலர்ந்து ஓடி வருவார்கள். இப்போது கையெழுத்துப் போடப் பயப்படுகிறார்கள், போடாவிட்டால் கடன் இல்லாமல் போய்விடும் என்பது போல.

ஒரு கடிதம், கரையில் நின்று கரைவலை இழுக்கும் பையன் ஒருவனின் ஆச்சிக்கு. வலை வாங்கவென்று இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த கடன். பையனின் தாய் குவைத்தில் இருக்கிறாள். ஆச்சி பெருவிரலை மையில் அமுக்கி, கடதாசியில் பதித்து, விரலைச் சேலையில் துடைத்தார். ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

கச்சான் காற்று நெருப்பாக வீசுகிறது. சூடை மீன் பட ஆரம்பித்துவிட்டது. இனி ஆவணி வரைக்கும் கடற்கரையில்தான் ஊரின் வரவு செலவு. இயந்திரப் படகு வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்குப் பாய்ந்தபோது இயந்திரத்தைச் சாக்கால் மூடினார்கள். சிலர் இன்னும் திறக்கவில்லை. கரைவலைக்கு எண்ணெயைவிட ஆள்தான் வேண்டும். ஆனால் ஆள்? கட்டாரில், கொழும்புக் கடைகளில். போன கிழமை ஒரு வலையை இழுக்கக் கயிற்றில் நின்றவர்களில் மூன்று பேர் அறுபது தாண்டியவர்கள்.

பின்னேரம் ஆச்சி வந்தார். முத்திரை வாங்கவில்லை.

“தம்பி, பேரனுக்கு ஒரு கடதாசி வரும் என்று சொன்னான். வந்தால் இரண்டு கிழமை உள்ளே வையுங்கள். மீன் படுகிற நேரம்.”

தொழிற்பயிற்சிக்கான நேர்முகக் கடிதம். அவன் விண்ணப்பத்தை நான்தான் பார்த்துத் திருத்திக் கொடுத்தேன்.

“கடிதத்தை மறைத்தால் என் வேலை போய்விடும் ஆச்சி.”

கொஞ்ச நேரம் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: “உங்கள் மகள் எங்கே படிக்கிறாள் தம்பி?”

“திருகோணமலையில், மாமி வீட்டில் நின்று.”

“ம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசிவிட்டுப் போயிருக்கலாம்.

ஜூன் 17, செவ்வாய்

கடிதம் வந்தது. நீளமான பழுப்பு உறை. நேர்முகம் 26ஆம் திகதி இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். உறையை மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். நாளை கொடுக்கலாம், தபால்காரருக்கு இன்று காய்ச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தபால்காரருக்குக் காய்ச்சல்தான். ஆனால் பையனின் வீடு தபாலகத்திலிருந்து ஐந்நூறு யார் தூரம்தான். இதை எழுதிவைக்காமல் தூக்கம் வராது.

ஜூன் 18, புதன்

காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கே போனேன். வலை பாதி வந்திருந்தது. அவன் கயிற்றை விடவில்லை. “கை ஈரம் மாமா, வாடிக் கொட்டிலில் தொங்கும் சட்டைப் பையில் வையுங்கள்” என்றான். இழுத்துக்கொண்டே, “என்றைக்கு?” என்றான்.

“இருபத்தாறு. வியாழன்.”

“அன்றைக்கு எங்கள் முறை.”

கரையில் வலைகளுக்கு முறை உண்டு. தவறவிட்டால் அடுத்தது வரும்வரை காத்திருக்க வேண்டும். உறையைச் சட்டைப் பையில் வைத்தேன். எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிட்டேனோ என்று திரும்பி வரும்போதுதான் யோசித்தேன்.

ஜூன் 27, வெள்ளி

நேற்று அவன் முதல் பஸ்ஸில் போனான். அவன் கயிற்றில் பத்தாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஆசிரியர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாராம். மீன் நன்றாகப் பட்டது, அதுதான் ஆச்சிக்கு இன்னும் எரிச்சல்.

ஜூலை 12, சனி

சாதாரண தரப் பரீட்சை முடிவு இணையத்தில் வந்துவிட்டது. முன்பெல்லாம் தபால் பை அவிழ்க்கும்போது வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். இப்போது தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் ஒரே இடமான குளக்கட்டில் நிற்கிறது. நானும் போய் நின்றேன். ஒரு பிள்ளை கணிதத்தில் ‘ஏ’. தாயார் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: “நகரத்தில் யார் வீட்டில் விடலாம் அண்ணா?”

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. அப்பாவுக்காகக் கடலில் முழுகினேன். கரையில் பேச்சு முழுவதும் சம்பூரைப் பற்றி. முன்பு நிலக்கரி மின் நிலையம் என்றார்கள், 2016இல் கைவிட்டார்கள். இந்த ஏப்ரலில் சூரிய மின் நிலையத்துக்கு இலங்கை, இந்தியத் தலைவர்கள் இருவரும் காணொளியில் தொடக்கம் வைத்தார்கள். “நமக்கு என்ன வேலை கிடைக்கும்?” என்று கேட்டார் ஒருவர். “வெயில் காயலாம்” என்றார் அவருடைய மச்சான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் ஒரு மின்னியல் படித்த பையன் இங்கே இருந்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று தோன்றியது.

ஓகஸ்ட் 13, புதன்

பையன் தெரிவாகிவிட்டான், போன கிழமை போய்விட்டான். மின் இணைப்பு வேலை படிக்கிறான், விடுதியில் தங்கி.

ஆச்சி இன்று முதியோர் கொடுப்பனவுக்கு வந்தார். விரல் பதித்து, காசை இரண்டு தரம் எண்ணி, அதில் ஒரு தாளைப் பிரித்து மேசையில் வைத்தார். உறை ஒன்று கேட்டார். பேரனின் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்.

“கடிதத்துக்குள் காசு வைக்கக் கூடாது ஆச்சி. காசுக்கட்டளை போடலாம்.”

இந்த மேசைக்குக் காசு வெளியிலிருந்து வருவதுதான் வழக்கம். காசுக்கட்டளைப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது, அட்டையில் தூசி. ஆச்சி சந்தேகமாகப் பார்த்தார்.

“அதற்கு எவ்வளவு வெட்டுவீர்கள்?”

சொன்னேன். மடியிலிருந்து சில்லறையை எடுத்து, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து அடுக்கினார். ஒரு ரூபா குறைந்தது. நான் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று எழுந்து, வீட்டுக்குப் போய் எடுத்துவரக் கிளம்பினார்.