பெரியம்மாவின்ர குறுக்குக்கட்டு

பெரியம்மாவுக்கு அல்சைமர் எண்டு டொக்டர் சொல்லி நாலு வருசம், பிள்ளையள் கனடாவில, நானும் வேலைக்குப் போறனான். ஒருநாள் அடுப்பில கேத்திலை வைச்சிட்டு படலையைத் திறந்துகொண்டு வெளிக்கிட்டுட்டா, அதுக்குப் பிறகுதான் இஞ்ச ஒரு முதியோர் இல்லத்தில விட்டனாங்கள்.

ரெண்டாம் கிழமையே போன். "அக்கா, அவா குளிக்க வாக்க விடுறா இல்லை, அடிக்கிறா, கடிக்கிறா, நித்திரைக் குளிசை ஏதும் எடுப்பமோ?" 32 வருசம் படிப்பிச்ச மனுசி, ஆருக்கும் அடிக்காதவா எண்டு நான் சொல்லேலாது, பிரம்பு வைச்சிருந்தவாதான், ஆனா கடிக்கிற ஆள் இல்லை.

போய்ப் பாத்தன். கதவு ஆவெண்டு திறந்து கிடக்கு, அங்க வேலை செய்யிற ரெண்டு பிள்ளையள் பிடிச்சு உடுப்பெல்லாம் கழட்டி சவருக்குக் கீழ நிப்பாட்டுதுகள், பச்சைத்தண்ணி தலையில விழ அவா குளறுறா. தன்ர தங்கச்சிக்கு முன்னாலயே உடுப்பு மாத்தாத ஆள், காலம் முழுக்க கிணத்தடியில பாவாடையை நெஞ்சுக்கு மேல ஏத்திக் கட்டி, குறுக்குக்கட்டோட முழுகினவா, பேர் மறந்தாலும் வெக்கம் மறக்கேல்லை. அதுகளிலயும் பிழை சொல்லேலாது, பதினெட்டுப் பேருக்கு ரெண்டு பேர்.

மேட்ரனோட வாக்குவாதப்பட்டு ஒரு கிழமை நானே வந்து வாக்கிறன் எண்டு கேட்டன். பழைய பாவாடை ரெண்டு, வாளி, ஒரு பிளாஸ்ரிக் கோப்பை, இளஞ்சூட்டுத் தண்ணி, கதவுக்குத் திரைச்சீலை. முதல்ல காலில ஊத்தி, பிறகு கோப்பையை அவான்ர கையிலயே குடுத்தன். முதல்நாள் முக்கால் மணித்தியாலம், எனக்கு நாரி முறிஞ்சுது. மூண்டாம் நாள் "அரப்பு எங்கயடி?" எண்டு கேட்டா.

குளிசைக் கதை அதோட நிண்டுது. அந்தப் பிள்ளையளும் இப்ப "பாட்டி" எண்டு கூப்பிடுறேல்லை, "ரீச்சர்" தான். பின்னேரமானா அவா பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வருவா, அவாக்கு அது 1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனம் திரளா இடம்பெயர்ந்த நாள், நாவற்குழிப் பாலம் தாண்டோணும். அதெல்லாம் முடிஞ்சுதெண்டு நாங்கள் சொல்லச் சொல்ல இன்னும் பதறுவா. அதில ஒரு பிள்ளைதான், அப்ப பிறந்தும் இருக்காது, "ரீச்சர், சனம் கொஞ்சம் குறையட்டும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்" எண்டு கையைப் பிடிச்சுக்கொண்டு உள்ள கூட்டிக்கொண்டு வந்துது.

போன ஞாயிறு நான் வாக்கேக்க "நீ ஆற்ற பிள்ளை?" எண்டு கேட்டா. சொன்னன், விளங்கேல்லை. பாவாடை முடிச்சை மட்டும் ரெண்டுதரம் இழுத்துப் பாத்திட்டு, "ம், ஊத்து" எண்டா.