சர்வோ மில்லிங் மெஷினுக்கு என்கோடர் ரெசல்யூஷன் முடிவு செய்த அனுபவம்

எனக்கு வேண்டிய துல்லியம் 10 மைக்ரான். மெஷினின் சர்வோ மோட்டாரில் இருந்தது 500 லைன் என்கோடர், அதாவது சுற்றுக்கு 500 கோடுகளை வைத்து மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று சொல்லும் சென்சார். அது தரும் ஏ, பி என்ற இரண்டு பல்ஸ் சேனல்களின் ஏறும், இறங்கும் விளிம்புகளை எல்லாம் எண்ணினால் சுற்றுக்கு 2,000 கவுண்ட். நடுவில் 2:1 பெல்ட் (மோட்டார் இரண்டு சுற்றினால் ஸ்க்ரூ ஒன்று), டேபிளை நகர்த்தும் பால் ஸ்க்ரூவின் லீட், அதாவது ஒரு சுற்றுக்கு நகரும் தூரம், 5 மி.மீ. ஆக, ஒரு கவுண்டுக்கு 1.25 மைக்ரான். கணக்குப்படி தாராளம்.

ஆனால் நிமிடத்துக்கு 60 மி.மீ. வேகத்தில் ஃபினிஷ் கட் ஓட்டினால் பரப்பில் மெல்லிய வரிகள் விழுந்தன. மோட்டார் மேல் கை வைத்தால் மணல் அரைபடுவது போல ஒரு நறநறப்பு. வேக மாற்றத்தைப் பார்த்துத் திருத்தும் டி கெயினைக் கூட்டினால் இரைச்சல், குறைத்தால் ஓவர்ஷூட், அதாவது இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்புகிறது. டியூனிங்கில் தீரவில்லை என்றதும், தூரத்தை விட்டுவிட்டு வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டேன்.

60 மி.மீ. என்றால் நொடிக்கு 1 மி.மீ., மோட்டார் நொடிக்கு 0.4 சுற்று. அதாவது நொடிக்கு 800 கவுண்ட். என்கோடரைப் பார்த்து மோட்டாரைத் திருத்திக்கொண்டே இருக்கும் கண்ட்ரோலரின் சர்வோ லூப், மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பார்க்கிறது. ஒரு பார்வைக்குச் சராசரியாக 0.8 கவுண்ட். முழு எண்ணாகத்தானே வர முடியும்? 1, 1, 0, 1, 1 என்று வருகிறது. மோட்டார் சீராகச் சுற்றினாலும் லூப்புக்கு அது நின்று நின்று போவதாகத் தெரிகிறது. ஒவ்வொரு 0-க்கும் டி கெயின் ஒரு தள்ளு தள்ளுகிறது. கண்ட்ரோலரில் வேக வரைபடத்தைத் திறந்தேன். அதே படிகள் அப்படியே இருந்தன.

சரி, நிறைய லைன் உள்ளதாக வாங்கிவிடலாமா? அங்கே உச்ச வேகம் குறுக்கே நிற்கிறது. மோட்டார் 3,000 ஆர்பிஎம், நொடிக்கு 50 சுற்று. 5,000 லைன் போட்டால் நொடிக்கு 10 லட்சம் கவுண்ட். என் கண்ட்ரோலர் இன்புட்டின் வரம்பே அவ்வளவுதான். ஏ-யும் பி-யும் அச்சாக 90 டிகிரி தள்ளி இருப்பதில்லை. சில விளிம்புகள் நெருங்கி வரும். அதனால் வரம்பில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். இதில் கறாராக இருப்பதுதான் நல்லது. கவுண்ட் தவறினால் பெரும்பாலும் அலாரம்கூட வராது, அளவுகளின் தொடக்கப் புள்ளியான சீரோ நகர்ந்திருக்கும், பாகம் கெட்ட பிறகுதான் தெரியும்.

அந்தப் பாதி வரம்புக்கு 2,500 லைன் சரியாகப் பொருந்தியது. ஆனால் மெதுவான வேகத்தில் ஒரு பார்வைக்கு 4 கவுண்ட்தான். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ வேகம் 25 சதவீதம் மாறியதாகத் தெரியும். எனக்கு அது போதாது.

கடைசியில், பல்ஸுக்குப் பதில் நிலையை எண்ணாகவே அனுப்பும் 17 பிட் சீரியல் என்கோடர் உள்ள மோட்டாரையும், அதை ஓட்டும் மின்னணுப் பெட்டியான டிரைவையும் எடுத்தேன். சுற்றுக்கு 1,31,072 கவுண்ட். அதே 60 மி.மீ. வேகத்தில் மில்லிசெகண்டுக்கு ஏறத்தாழ 52. வேக லூப்பை டிரைவே மூடிக்கொள்கிறது. கண்ட்ரோலருக்குப் போகும் பல்ஸை மட்டும் டிரைவ் பாராமீட்டரில் 2,500 லைனாகப் பிரித்து வைத்தேன். கண்ட்ரோலரில் இடத்தைப் பார்த்துக்கொள்ளும் பொசிஷன் லூப்புக்கு கவுண்டுக்கு 0.25 மைக்ரான், உச்ச வேகத்தில் நொடிக்கு 5 லட்சம். இரண்டு முனையும் அடங்கிவிட்டது.

23 பிட் மோட்டாரும் கண்ணில் பட்டது. என் ஸ்க்ரூ சி7 கிரேடு, 300 மி.மீ.க்கு 50 மைக்ரான் வரை பிழை அனுமதி. ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரி சூட்டுக்கே 11, 12 மைக்ரான் நீளும். இந்த மெஷினில் அந்தக் கூடுதல் பிட்டுகளுக்கு வேலையில்லை. பெல்ட், ஸ்க்ரூ எதுவும் இல்லாத டைரக்ட் டிரைவ் ரோட்டரி டேபிள் என்றால் நிச்சயம் அதைத்தான் எடுப்பேன்.

வரிகள் மறைந்துவிட்டன, நறநறப்பும் இல்லை, கெயினைத் தைரியமாக ஏற்ற முடிகிறது. திசை மாறும்போது டயல் கேஜில் தெரியும் பேக்லாஷ், அதாவது பாகங்களுக்கு இடையிலான தளர்வு, மட்டும் அப்படியே இருக்கிறது. மோட்டார் பின்னால் இருக்கும் என்கோடருக்கு அது தெரிய வழியே இல்லை. அதற்கு, டேபிளின் நகர்வையே நேரடியாக அளக்கும் 1 மைக்ரான் லீனியர் ஸ்கேலை டேபிளில் மாட்டப்போகிறேன். உச்ச வேகம் நிமிடத்துக்கு 7.5 மீட்டர், நொடிக்கு 1,25,000 கவுண்ட்தான் வரும், அதைக் கண்ட்ரோலர் தாங்கும்.