ரவுட்டர் இல்லாத தீபாவளி வாரம்

9 அக்டோபர் 2025, வியாழன்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் இப்போதெல்லாம் சாயங்காலம் ஆனால் மழைதான். இன்று நாலரை மணிக்குச் செம்பனைக் காட்டுப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. ஒரே இடி. மின்விசிறி நின்று மறுபடியும் சுற்றியது, ரவுட்டர் மட்டும் எழவே இல்லை. எடுத்து முகர்ந்தால் கருகிய நெடி.

சுவரில் இருக்கும் வெள்ளை ஃபைபர் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. லைன் வருவதைக் காட்டும் பிஓஎன் விளக்கு பச்சையாக நின்று எரிகிறது, லைன் அறுந்தால் எரியும் எல்ஓஎஸ் விளக்கு அணைந்திருக்கிறது. அப்படியென்றால் லைன் உயிரோடு இருக்கிறது. கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது, இடி இறங்கியது ரவுட்டரின் செருகி வழியாக.

சேவை எண்ணை அழைத்தேன். ஆள் வருவது தீபாவளிக்கு அப்புறம்தானாம். அக்கா மகளுக்கு எஸ்பிஎம் தேர்வு நெருங்கிவிட்டது. ஜோகூரில் இருக்கும் தங்கச்சி முகத்தை ராத்திரியில் ஒருதரம் பார்க்காமல் அப்பா படுக்கமாட்டார். இவர்கள் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு எப்படிக் காத்திருப்பது?

10 அக்டோபர், வெள்ளி

ஆலையிலிருந்து வரும்போது மோட்டாரில் யோசித்துக்கொண்டே வந்தேன். ரவுட்டர் செய்யும் முதல் வேலை, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி உள்ளே நுழைவது. அந்த முறைக்குப் பெயர் பிபிபிஓஇ. 1999இல் எழுதி வைத்த விதி, விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் லினக்ஸுக்கு அது பழகிப்போன விஷயம். வீட்டில் இருக்கும் பழைய மடிக்கணினியில் போன மாதம்தான் லினக்ஸ் மின்ட் போட்டேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு இந்த 14ஆம் தேதியோடு முடிகிறது, விண்டோஸ் 11 இந்த வயதான கணினியை ஏற்றுக்கொள்ளாது. நல்ல கணினியைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. அதையே ரவுட்டராக்கிப் பார்ப்போம்.

பயனர் பெயர் எங்கே? அப்பாவின் பிஸ்கட் டின்னைத் திறந்தோம். அதில்தான் எங்கள் வீட்டுக் காகிதம் எல்லாம் இருக்கும். பிறப்புப் பத்திரங்கள், சேமநிதிக் கடிதங்கள், தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்துச் சம்பளச் சீட்டுகள். ஒவ்வொன்றையும் அப்பா விரலால் நீவி நீவி எடுத்து வைத்தார். அடியில் லைன் போட்ட நாளில் கொடுத்த படிவம், நாலாக மடித்தபடி. பெயரும் கடவுச்சொல்லும் பேனாவில் எழுதியிருந்தன.

11 அக்டோபர், சனி

ஃபைபர் பெட்டிக்கும் மடிக்கணினிக்கும் நடுவே கேபிளைச் செருகினேன். நெட்வொர்க் அமைப்பில் டிஎஸ்எல் என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, பிபிபிஓஇ அதற்குள்தான் இருக்கிறது, விவரங்களைப் போட்டேன். சுற்றிக்கொண்டே இருந்து அறுந்துவிட்டது. மூன்று தடவை.

கடவுச்சொல்தான் தப்பு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கட்டளை எழுதும் டெர்மினலைத் திறந்து, கணினி எழுதிவைக்கும் பதிவுகளைப் படித்தால் நின்ற இடம் தெரிந்துவிடும். கணினி முதலில் ‘யாராவது இருக்கிறீர்களா?’ என்று லைனில் கூவும், அது பாடி. மறுமுனை ‘இருக்கிறேன்’ என்று அனுப்பும், அது பாடோ. பிறகு பாடர், பாட்ஸ் என்று இன்னும் இரண்டு. நாலும் முடிந்த பிறகுதான் கடவுச்சொல் பேச்சே எழும். என் பதிவில் பாடோவுக்குக் காத்திருந்து நேரம் முடிந்தது என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. நாங்கள் வாசலையே இன்னும் தட்டவில்லை, கடவுச்சொல்லைக் குறை சொல்லி என்ன செய்ய?

கேபிளை மாற்றிப் பார்த்தேன். அதே வரி.

ராத்திரி பத்து மணிக்கு ஈப்போவில் இருக்கும் நண்பர் ஒருவரைக் கைப்பேசியில் பிடித்தேன். “தம்பி, விலேன் எண் போட்டியா?” என்று கேட்டார். அதுதான். ஒரே லைனில் ஓடுபவற்றைப் பிரித்துக் காட்டும் எண் அது. இந்த ஃபைபர் லைனில் இணையம் 500 என்ற எண்ணோடும் தொலைக்காட்சி 600 என்ற எண்ணோடும் ஒரே இழையில் ஓடுகின்றன. என் கணினி எண் இல்லாமல் கூவியதால் யார் காதிலும் விழவில்லை.

12 அக்டோபர், ஞாயிறு

பசியாறிவிட்டு உட்கார்ந்தேன். முதலில் கேபிள் இணைப்பின்மேல் விலேன் ஒன்றை உருவாக்கி எண் 500 என்று கொடுத்தேன். அதற்கு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் கணினியின் விலாசம், தேவையில்லை, அதை அணைத்துவிட வேண்டும். பிறகு டிஎஸ்எல் இணைப்பு எதன்மேல் ஓட வேண்டும் என்ற இடத்தில், அதாவது தாய் இடைமுகமாக, அந்த விலேனைக் காட்டினேன். இந்த இரண்டாவது படியை விட்டால் மறுபடியும் நேற்றைய கதைதான்.

பாடி. பாடோ. பாடர். பாட்ஸ். நாலும் கண்ணெதிரே ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. அடுத்த நொடி ஐபி முகவரி வந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார்.

உடனே செய்தது ஃபயர்வாலைப் போட்டது. ரவுட்டர் இருந்தவரை அது நடுவில் நின்று தடுத்தது, இப்போது இந்தக் கணினி நேராக வெளியே நிற்கிறது. வெளியிலிருந்து வருவதை மறு, உள்ளிருந்து போவதை விடு என்று வைத்து, வீட்டு வைஃபைப் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டேன். இதைத் தள்ளிப் போடவே கூடாது.

14 அக்டோபர், செவ்வாய்

மடிக்கணினியிலேயே ஹாட்ஸ்பாட் போட்டு வீட்டுக்கெல்லாம் இணையம் கொடுத்தாயிற்று. ஆனால் நேற்று அக்கா மகள், “மாமா, மெசேஜ் போகுது, மாதிரித் தாள் இருக்கிற பக்கம் மட்டும் திறக்கமாட்டேங்குது” என்றாள். என் கணினியில் அதே பக்கம் உடனே திறக்கிறது.

கோளாறு பொட்டலத்தின் அளவில். இணையத்தில் தகவல் துண்டு துண்டாகத்தான் போகும், ஒரு துண்டுதான் பொட்டலம். சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட். பிபிபிஓஇ தன் தலைப்புக்கு 8 பைட் எடுத்துக்கொள்வதால் மிஞ்சுவது 1492. நேராக இணைந்திருக்கும் கணினிக்கு அது தெரியும், பின்னால் இருக்கும் கைப்பேசிக்குத் தெரியாது. சில தளங்கள் ‘சின்னதாக அனுப்பு’ என்ற தகவலையும் தடுத்துவிடுவதால் பக்கம் தொங்கிப்போகிறது. போகிற பொட்டலத்திலேயே எம்எஸ்எஸ் அளவை, அதாவது ஒரு பொட்டலத்தில் ஏற்றக்கூடிய தகவலின் உச்ச அளவை, 1452 என்று திருத்தும் விதி ஒன்றைச் சேர்த்தேன். அந்த 1492இலிருந்து ஐபி, டிசிபி என்ற இரண்டு தலைப்புகளுக்கும் தலா 20 கழித்தால் வரும் கணக்கு. பக்கம் திறந்தது. அவள் தமிழ் இலக்கியத் தாள்களை இறக்கி வைத்துக்கொண்டாள்.

19 அக்டோபர், ஞாயிறு

நாளைக்குத் தீபாவளி. வீடு முழுக்க முறுக்கு வாசனை.

இரண்டு நாளாக மத்தியானத்தில் மட்டும் இணையம் அறுந்துகொண்டிருந்தது. பதிவுகளைப் பார்த்தால் கணினியே தூங்கப் போயிருக்கிறது. அப்பாவைக் கேட்டேன். “தூசி படுதேன்னு மூடி வெச்சேன்பா” என்றார். மூடினாலும் விழித்திரு என்று மின் அமைப்பில் மாற்றிவிட்டேன்.

ராத்திரி ஒன்பதுக்குத் தங்கச்சி வந்தாள், திரை நிறைய அவள் பிள்ளைகள். கம்பி மத்தாப்பைக் கேமராவுக்கு நேரே பிடித்தார்கள், ஒரு பொறிகூட விட்டுப்போகாமல் தெரிந்தது. அப்பா நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். பேசி முடித்ததும் மூடியைச் சாத்தி, மேலே ஒரு துண்டைப் போர்த்தினார். உள்ளே சூடு ஏறும் என்று துண்டை மட்டும் எடுத்துவிட்டேன்.