50 பாயின்ட் வரும்வரை வாயைத் திறக்க முடியாது

புரோகிராமர்கள் கேள்வி கேட்டு விடை பெறுகிற தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கணக்குத் தொடங்க இரண்டு நிமிடம் போதும். பேர் வாங்குவதற்குத்தான் நாக்குத் தள்ளுகிறது. புதுக் கணக்குக்கு 1 பாயின்ட். அடுத்தவர் கேள்வியில் கமெண்ட் போட 50 வேண்டும். இது தெரியாமல் "எந்த வெர்ஷன் போட்டிருக்கிறீர்கள்?" என்று விடைப் பெட்டியில் கேட்டால், இது விடையே அல்ல என்று தூக்கிவிடுவார்கள். உதவப் போனதற்கு இதுவா என்று பற்றிக்கொண்டு வரும். ஆகவே ஆரம்பத்தில், புரோகிராம் கோடும் (code) எரர் மெசேஜும் முழுசாக இருக்கிற கேள்வியாகப் பொறுக்குங்கள். எதிர்க்கேள்வி கேட்கவே தேவை வராது. விடைக்கு ஓர் அப்வோட் (ஆதரவு ஓட்டு) விழுந்தால் 10, கேட்டவர் ஏற்றுக்கொண்டால் 15. ஐந்து அப்வோட்டில் வாய்ப்பூட்டு கழன்றுவிடும்.

ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் போன்ற பெரிய டேக்குகளில் (கேள்விக்கு ஒட்டும் தலைப்புச் சீட்டு) இறங்காதீர்கள். நாம் தட்டி முடிப்பதற்குள் நாலு பேர் போட்டிருப்பார்கள். பழைய கேள்வியின் மறுபதிப்பு என்றால், அந்த டேக்கில் நிறைய விடை எழுதித் தங்கப் பட்டை (பேட்ஜ்) வாங்கியவர் தனி ஆளாகவே அதை மூடிவிடலாம். தினமும் கை வைக்கிற ஒரு குறுகலான டேக்கைப் பிடித்துக்கொள்வதே லாபம்.

விடை எப்படி இருக்க வேண்டும்? டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கிற மொழியான எஸ்கியூஎல்லில் (SQL) அடிக்கடி வரும் புலம்பல் இது: 'இந்தப் பட்டியலில் இல்லாதவை' என்று கேட்கிற 'நாட் இன்' போட்டு சப்கொயரி (கொயரிக்குள் இன்னொரு கொயரி) எழுதினேன், ஒரு வரிசைகூட வரவில்லை. "'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' போடுங்கள்" என்று ஒரு வரியில் முடித்தாலும் சரிதான். ஆனால் யாருக்கும் நம்மேல் நம்பிக்கை வராது. மூன்று வரிசையில் ஒரு டேபிள் உருவாக்கி, சப்கொயரி தருகிற மதிப்புகளில் ஒரு 'நல்' (null, மதிப்பே இல்லாத இடம்) வைத்து, இரண்டு கொயரியையும் ஓட்டி, வந்த முடிவை அப்படியே ஒட்டுங்கள். பிறகு காரணம்: 'நல்'லோடு ஒப்பிட்டால் உண்மையும் வராது, பொய்யும் வராது, 'தெரியாது' என்றுதான் வரும், வடிகட்டுகிற 'வேர்' (where) பகுதி அந்த வரிசையை முடிவுக்குள் விடாது. படிப்பவர் நகலெடுத்து ஓட்டிப் பார்த்த நொடியில் நம் பேர் பதியும். இதற்கு அரைமணி நேரம் பிடிக்கும், பரவாயில்லை. இந்த மாதிரி விடைக்கு வருஷக்கணக்கில் ஓட்டு விழும்.

மாட்டிக்கொள்ளும் இடங்களும் உண்டு. வெறும் லிங்க்கை ஒட்டிவிட்டு வந்தால் நீக்கிவிடுவார்கள். சாரத்தை எழுதிவிட்டு லிங்க் கொடுங்கள். சொந்த டூலைச் சிபாரிசு செய்தால் "இது என்னுடையது" என்று அங்கேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஸ்பேம். ஆபீஸ் நண்பர்களிடம் "என் விடைக்கெல்லாம் ஓட்டு போடுடா" என்று சொல்வது வீண் வேலை. ஒரே ஆள் வரிசையாகப் போடும் ஓட்டுகளை சிஸ்டமே கண்டுபிடித்துத் திருப்பிவிடும். சாட்ஜிபிடி எழுதியதை ஒட்டுவதற்கு 2022 டிசம்பரிலிருந்து தடை. டவுன்வோட் (எதிர் ஓட்டு) விழுந்தால் போவது 2 பாயின்ட்தான். சண்டைக்குப் போகாமல் விடையைத் திருத்துங்கள். டவுன்வோட் போட்டவருக்கும் அப்போதுதான் ஓட்டை மாற்ற வழி திறக்கும்.

ரெஸ்யூமில் பாயின்ட் எண்ணிக்கையைப் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு நேர்காணலில் அந்த வரியை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அதையே மூன்று விடைகளின் லிங்க்காக மாற்றியபோது, எதிரே இருந்தவர் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் கேள்வி கேட்டார். இன்ன டேக், இன்ன சிக்கல் என்று ஒரு வரி சேர்த்தால் திறந்து பார்ப்பவர் கூடுவார்.

பட்டையை நம்பி உட்காராதீர்கள். லிங்க்ட்இன் தன் கேள்வி-பதில் பகுதியை 2013-இல் இழுத்து மூடியது. பிறகு பலர் சேர்ந்து எழுதும் கூட்டுக் கட்டுரைகளுக்குப் பங்களித்தவர்களுக்குத் தங்க நிறப் பட்டை கொடுத்தது. 2024-இல் அதையும் நிறுத்தியது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் வேலைவாய்ப்புப் பகுதியே 2022-இல் ஒருமுறை மூடப்பட்டது. நல்ல விடை எழுதினால் அன்றைக்கே ஒரு பிரதி சொந்த வலைப்பதிவில் ஏற்றிவிடுங்கள். எழுதியது நம்முடையது, தடை இல்லை. மேலே தேதியும் வெர்ஷன் எண்ணும் மறக்காமல் போடுங்கள்.