மண்டபம் கேம்ப்ல பொறந்த கடல் சங்கம்

ராமேஸ்வரம் ரயில்ல பாம்பன் பாலம் எப்ப வரும்னு எல்லாரும் போனைத் தூக்கி வெச்சுட்டு உக்காந்திருப்போம், அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மண்டபம் கேம்ப்னு ஒரு குட்டி ஸ்டேஷன் வரும், ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டோம். கேம்ப்னா என்ன கேம்ப்னு நானும் யோசிச்சதே இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல சிலோன் எஸ்டேட்டுக்குப் போன நம்ம ஜனங்கள நோய்நொடி இருக்கான்னு பாத்து, நாள் கணக்குல தங்க வெச்சு அனுப்புன இடமாம் அது. 1949-ல மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்க வந்து சேந்துச்சு. 1958-ல அங்கயே இந்திய கடல் உயிரியல் சங்கம் பொறந்துச்சு, அடுத்த வருஷமே ஜர்னலும் ஆரம்பிச்சுட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் வருது.

அந்தக் கடலோரத்துக்கு இதெல்லாம் புதுசு இல்ல. 1927-லயே மெட்ராஸ் மியூசியம் பக்கத்துல இருக்குற குருசடைத் தீவுல என்னென்ன உயிர் இருக்குன்னு ஒரு புல்லட்டினே போட்டிருக்கு.

சங்கத்தோட பழைய இதழ் எல்லாம் நெட்ல சும்மாவே கெடைக்குது. பெரிய பெரிய தியரியா இருக்கும், நமக்குப் புரியாதுன்னு நெனச்சுத்தான் தொறந்தேன், ஆனா என்னைப் பிடிச்சு உக்கார வெச்சது கடைசிப் பக்கங்கள்ல வர்ற குட்டிக் குறிப்புங்கதான். இன்ன மீன் இன்ன கரையில கெடச்சுது, நீளம் இவ்ளோ, எடை இவ்ளோ, வயித்துல இது இருந்துச்சு, அவ்ளோதான், முடிஞ்சுது. இப்ப யாராவது இப்படி ஒரு பக்கம் எழுதிட்டுப் போனா இதெல்லாம் ஒரு ஆராய்ச்சியான்னு கேப்பாங்க. என்னைக் கேட்டா இதுதான் முதல் ஆராய்ச்சி, மத்ததெல்லாம் அப்புறம்தான்.

சங்கம் நடத்துன மாநாடும் சும்மா கூடிக் கலையுற ரகம் இல்ல. 1962-ல மண்டபத்துல சூரை, வஞ்சிரம், கானாங்கெளுத்தி வகை மீனுங்களுக்குன்னே ஒண்ணு. 1965-ல எர்ணாகுளத்துல இறால், நண்டு வகையறாவுக்கு. 1969-ல திரும்பவும் மண்டபத்துல பவளப்பாறைக்கு.

இந்தக் கடைசி விஷயத்துல கொஞ்சம் நிக்கணும். மன்னார் வளைகுடாவுல ரொம்ப காலமா பவளப்பாறைய உடைச்சு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் எடுத்தாங்க, தீவுக்குக் காவலா இருந்த பாறை போச்சுன்னா அலை நேரா வந்து மண்ண அரிக்கும்ல, 1986-ல தேசியப் பூங்கா அறிவிச்சப்போ கணக்கு 21 தீவு, அதுல பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணிக்குள்ள போயிருச்சு. வனவிலங்குச் சட்டத்துல பவளத்தச் சேத்ததே 2001-லதான். இப்ப என்ன போச்சுன்னு சொல்லணும்னா முன்னாடி என்ன இருந்துச்சுன்னு யாராவது எழுதி வெச்சிருக்கணும், அதத்தான் இந்த ஆளுங்க எழுதி வெச்சிருக்காங்க, அதுவும் அப்ப இதெல்லாம் காணாமப் போகும்னு நெனச்சு இல்ல, பாத்தத எழுதுற பழக்கத்துல.

ஒரே மனக்குறை, அத்தனையும் இங்கிலீஷ்ல கெடக்கு. கடற்பசுவையே எடுத்துக்கோங்க, நம்ம கடல்காரங்க அத ஆவுளியான்னு சொல்வாங்க. அறுபதுகள்ல மண்டபத்துல ஒரு ஜோடிய தொட்டியில வெச்சு வளர்த்து, எப்படித் திங்குது எப்படி மூச்சு விடுதுன்னு பாத்துப் பாத்து எழுதியிருக்காங்க. 2022-ல பாக் விரிகுடாவுல 448 சதுர கிலோமீட்டர ஆவுளியாவுக்குன்னே பாதுகாப்பகமா தமிழ்நாடு அரசு அறிவிச்சுது. அது மேயுற கடல் புல்லு எங்க இருக்குன்னு வலை போடுறவங்களுக்கு நம்மள விட நல்லாத் தெரியும், ஆனா அறுபது வருஷத்துக்கு முன்னாடி எழுதுனத இன்னிக்கு அவங்க வீட்டுப் பசங்க தமிழ்ல படிக்க முடியுமான்னு கேட்டா, எனக்குத் தெரிஞ்சு முடியாது. ஆராய்ச்சி நிலையத்தோட தலைமையகம் 1971-ல கொச்சிக்குப் போயிருச்சு, சங்கத்தோட முகவரியும் இப்ப கொச்சிதான். அந்தக் குட்டிக் குறிப்புல ஒரு பத்த மட்டும் நானே தமிழ்ல எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன், முதல்ல ஆவுளியா.