ஆணியில் தொங்கிய சாவி

"தனியாக மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்" என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஊசியில் போதை ஏற்றுபவர் என்று தெரிந்தால், எச்.ஐ.வி. பரிசோதனைக்கு முந்தைய ஆலோசனையில் சொல்லியாக வேண்டியவற்றுள் அதுவும் ஒன்று: அடுத்தவர் ஊசியைத் தொடாதீர்கள், ஒரே தண்ணீரில் கலக்காதீர்கள், தனியாகப் போடாதீர்கள். பயிற்சியில் கற்றதை அப்படியே சொன்னேன். எதிரே இருந்தவர் திருப்பிக் கேட்ட கேள்விக்குப் பயிற்சியில் பதில் இல்லை.

"யாரு கூடங்க மேடம் போடறது? நீங்க வந்து பக்கத்துல உக்காருவீங்களா?"

அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றிச் சொல்கிறேன். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை. அந்தக் கேள்வியை அவர் கிண்டலாகக் கேட்டார் என்றுதான் அன்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொண்டதால்தான், "இது கவர்மென்ட் ஆஸ்பத்திரி தம்பி" என்று சற்றுக் கறாராகவே பதில் வந்தது. அவர் ஆளைப் பற்றிக் கேட்டார். நான் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். அவர் விடவில்லை. "அதாங்க சொல்றேன். இங்க விழுந்தா தூக்கிட்டு ஓட ஆள் இருக்குல்ல" என்றார். எங்கள் அறையிலிருந்து அவசர சிகிச்சைப் பிரிவு நடந்தால் இரண்டு நிமிடம். சேலத்தில் ஒருவர் மயங்கி விழுவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அந்தக் கணக்கில் பிழை இருந்ததாக இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

இரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். நோயாளிகள் கழிப்பறை அன்று அடைத்துக்கொண்டு கிடந்தது. சிறிது நேரம் கழித்து வாசலில் வந்து நின்று, ஊழியர் கழிப்பறையின் சாவி கிடைக்குமா என்று கேட்டார். வலது கை சட்டைப் பைக்குள் இருந்தது. "சாவி என்கிட்ட இல்லீங்க, சிஸ்டர் எடுத்துட்டுப் போயிருக்காங்க" என்றேன். சாவி என் தலைக்குப் பின்னால் ஆணியில், சிவப்பு ரிப்பன் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் என் தோளுக்கு மேலாக ஒரு கணம் பார்த்தார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பினார். அடுத்து வந்த கர்ப்பிணியிடம் பேசி முடித்து நான் நிமிர்ந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

2022ஆம் ஆண்டின் கடைசியில் நடந்தது இது. அவர் ஊசி போடத்தான் சாவி கேட்டாரா என்பதே எனக்குத் தெரியாது. மூத்திரம் முட்டிக்கொண்டு நின்ற ஒரு மனிதருக்குக் கழிப்பறையை மறுத்திருக்கவும் கூடும். இந்த இரண்டில் எது நடந்திருந்தால் எனக்கு ஆறுதல் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றொன்று.

அன்றிரவு எனக்காக நானே வாதாடியபோது முதலில் சட்டத்தைத்தான் அழைத்தேன். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 25ஆம் பிரிவு, தன் பொறுப்பில் உள்ள ஓர் இடம் அச்சட்டத்தின் கீழான குற்றத்துக்குப் பயன்படுவதைத் தெரிந்தே அனுமதிப்பவரையும் தண்டிக்கிறது. ஒப்பந்த ஊழியரான நான் அந்தப் பிரிவை மீறுவதெப்படி என்று கேட்டுக்கொண்டு தூங்கப் போனேன். ஆனால் அவர் எடுப்பதாகச் சொன்னது டேபென்டடால் என்ற வலி மாத்திரை. டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை 2018இல் அந்தச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். டேபென்டடால் நான் சாவியை மறைத்த நாளில் அந்தப் பட்டியலில் இல்லை. தவிரவும், சாவி இல்லை என்று நாக்கு சொன்ன நொடியில் எந்தப் பிரிவும் என் நினைவில் இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கதவை உடைத்து ஒரு பிணத்தை வெளியே இழுப்பதும், "யார் சாவி கொடுத்தது?" என்று யாரோ கேட்பதும்தான் கண்ணில் வந்தன.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, மத்திய அரசின் வழிகாட்டுதலுக்கு உட்பட்டுத் தொற்று அபாயத்தைக் குறைக்கச் செய்யப்படும் செயல் குற்றமாகாது என்கிறது. போதை ஊசி போடுபவருக்குச் சுத்தமான ஊசி கொடுப்பது அப்படித்தான் பாதுகாக்கப்படுகிறது. அதாவது ஊசியைக் கொடுக்கலாம். கொடுத்தபின் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருந்து பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. போதைக்கு மாற்றாகக் கொடுக்கும் புப்ரெனார்பின் மாத்திரையை ஊழியர் முன்னிலையில் நாக்குக்கு அடியில் வைத்து, கரையும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கச் செய்கிறோம். அரசு கொடுக்கும் மருந்தென்றால் கண்காணிக்கக் கண் இருக்கிறது. அந்தச் சிகிச்சையைப் பற்றி அவரிடமும் சொன்னேன். தினமும் வந்தால் பட்டறைக் கூலி போய்விடும் என்றார்.

அவர் கேட்டது உலகத்தில் இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1986இலேயே, பக்கத்தில் ஆள் பார்த்திருக்க ஊசி போட்டுக்கொள்ளும் ஓர் இடத்தைத் திறந்திருக்கிறார்கள், சிட்னியில் 2001இல், கனடாவின் வான்கூவரில் 'இன்சைட்' என்ற பெயரில் 2003இல். வருகிறவர் தன் போதைப்பொருளைத் தானே கொண்டுவர வேண்டும். நர்ஸ் ஊசி போட்டுவிட மாட்டார். சுத்தமான பொருட்களைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு தளர்ந்தால் ஆக்சிஜனும், போதையை முறிக்கும் நலோக்சோன் மருந்தும் கொடுப்பார். இன்சைட்டைச் சுற்றி 500 மீட்டருக்குள் அளவு மீறிய போதையால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதம் குறைந்ததாக 2011இல் லான்செட் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நகரின் மற்ற பகுதிகளில் 9 சதவீதம் அளவுக்குத்தான் குறைந்தது. அதே ஆண்டு கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்த மையத்தைக் காப்பாற்றினார்கள். எண்களைவிட ஒரு கண்ணாடிதான் என் மனத்தில் தங்கியது. தடுப்புக்குள் சுவரைப் பார்த்து உட்காருபவரின் எதிரே கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதனால் பின்னால் நிற்கும் நர்ஸுக்கு அவர் முகம் தெரிகிறது.

எதிர்த்தரப்பையும் படித்தேன், அதைப் படித்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. வான்கூவர் இருக்கும் அதே மாகாணம், ஃபென்டனில் என்ற வீரியமான போதைமருந்து பரவி மரணங்கள் பெருகியதால், 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது. மையம் வைத்து என்ன கண்டீர்கள் என்று ஒரு சாரார் கேட்க, அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று மறுசாரார் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஒன்று புதிதாகத் திறந்தது. அதே ஆண்டு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் 200 மீட்டருக்குள் இப்படிப்பட்ட மையம் இருக்கக் கூடாது என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. பள்ளிக்கூடம் இல்லாத 200 மீட்டரைச் சேலத்தில் காட்டச் சொன்னால், ஏற்காட்டு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில்தான் போய்த் தேட வேண்டும். என் மகன் படிக்கும் பள்ளியின் தெருவில் இப்படி ஒன்று வருவதாக இருந்தால், எதிர்த்து மனுக் கொடுக்கும் பெற்றோர் வரிசையில் நானும் நிற்கக்கூடும். இதை எழுதும்போதே அப்படித்தான் தோன்றுகிறது.

எங்கள் ஆய்வக நுட்புநரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சிரித்தார். "டாஸ்மாக் கடை பக்கத்துலயே பார் வைக்கிறோம், அது மட்டும் என்னங்க மேடம்?" என்றார். அரசே மதுவைச் சில்லறையில் விற்கத் தொடங்கியதும் இன்சைட் திறந்த அதே 2003தான். ஒப்புமை கேட்க நன்றாகத்தான் இருக்கிறது; ஆனால் பாரில் ஒருவர் சாய்ந்தால் தூக்கி வெளியே நடைபாதையில் கிடத்துவார்கள். உட்கார இடம் கொடுப்பது ஒன்று, பார்த்துக்கொண்டிருப்பது வேறு. அந்த இளைஞர் என்னிடம் கேட்டது இரண்டாவதை. கழிப்பறைச் சாவியைக் கொடுத்திருந்தாலும் நான் அதைக் கொடுத்தவள் ஆகியிருக்க மாட்டேன். தாழிட்ட கதவுக்கு வெளியே நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருந்தால் ஒருவேளை ஆகியிருக்கலாம்.

இதையும் சொல்ல வேண்டும்: வான்கூவர் பாடம் முழுவதும் இங்கே செல்லாது. இங்கே, வாயில் போட்டு விழுங்குவதற்காகத் தயாரித்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலக்கி நரம்பில் ஏற்றுகிறார்கள். மாத்திரைக்கு உரு கொடுக்கச் சேர்த்த டால்க் போன்றவை கரையாமல் போய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கும். கையில் சீழ் வைக்கும். எத்தனை நர்ஸ் நின்று பார்த்தாலும் அது நடக்கும். நான் கையெழுத்திடாத ஒரு கெடுதலுக்கு என் அறை இடமாகியிருக்கும் என்று வாதாடலாம்தான். ஆனால் சீழுக்கு மறுநாள் மருந்து போட முடியும். அதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும்.

அவருடைய முடிவு அன்று பன்னிரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டது: தொற்று இல்லை. அவர் கொடுத்த எண்ணை மூன்று நாள் அழைத்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் பட்டறை பட்டறையாகத் தேடிப் போவது இரகசியத்தைக் காக்கும் விதிக்கு ஒவ்வாது. அந்த விதிக்கு அன்று நான் நன்றியோடு இருந்தேன்.

மாதக் கடைசியில் அறிக்கை தயாரிக்கும்போது, பரிசோதனைக்குப் பிந்தைய ஆலோசனை பெறாதவர் ஒருவர் என்று எண்ணிக்கை இடித்தது. காரணம் எழுதச் சொன்னார்கள். "காத்திருக்கவில்லை" என்று எழுதினேன். அவர் இருபது நிமிடத்துக்கு மேல் காத்திருந்தார், வாசலுக்கு நேரான பெஞ்சில். அங்கிருந்து பார்த்தால் ஆணி தெரியும்.